‘மெகலிதிக்’ என்னும் சொல்லின் பொருள்: கதிரவெளியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வெருகலாற்றுக்குத் தெற்கே, வாகரையைக் கடந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கில் அமைந்த கரையோரக் கிராமம் கதிரவெளி. இலங்கைத் தொல்லியல் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வுகளில் இவ்வூரின் பெயர் பெரும்பாலும் ஒரு பட்டியலின் நடுவிலேயே காணப்படும். பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை, இபன்கட்டுவ, கதிரவெளி என்றவாறு செல்லும் அப்பட்டியலின் தலையில் ‘மெகலிதிக்’ என்னும் அடைமொழி நிற்கும். தமிழில் எழுதுவோர் அதனைப் ‘பெருங்கற்கால’ என்று மாற்றிக்கொண்டு, பட்டியலை அவ்வாறே எடுத்தாள்வர். மாணவனும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பான்.

இம்மாற்றத்தில் ஒரு சொல் மொழிபெயர்க்கப்பட்டது என்பதிலும் பார்க்க, ஒரு பொருள் தீர்ப்புச் செய்யப்பட்டது என்பதே பொருந்தும். ஆங்கில அடைமொழி ‘பெருங்கல்லோடு தொடர்புடைய’ என்பதற்கு மேல் எதனையும் கூறுவதன்று. அத்தொடர்பு எத்தகையது என்பதை அதனைத் தொடர்ந்து வரும் பெயர்ச்சொல்லே உணர்த்த வேண்டும். தமிழாக்கமோ பெயர்ச்சொல் வருமுன்னரே ‘காலம்’ என்னும் சொல்லை உள்ளே புகுத்திவிடுகின்றது. ஆங்கிலத்தில் திறந்து கிடந்த வாயில் தமிழில் அடைக்கப்பட்டுவிட்டது. அடைத்தவர் யார், எதற்காக அடைத்தார் என்று எவரும் வினவுவதில்லை.

தமிழ்த் தொடர் மேலுமொரு மயக்கத்திற்கும் இடமளிக்கின்றது. ‘பெருங்கற்காலம்’ என்பதனைப் பெருங்கல் + காலம் எனப் பிரிக்கலாம். பெருமை + கற்காலம் எனவும் பிரிக்கலாம். புணர்ச்சி விதி இரண்டிற்கும் இடந்தரும். முன்னையது பெருங்கற்கள் நாட்டப்பெற்ற காலம்; பின்னையது பெரிய கற்காலம். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பாடநூலில் வரிசையாகப் படித்துவந்த மாணவன் அடுத்து வரும் ‘பெருங்கற்காலம்’ என்பதையும் அவ்வரிசையின் மூன்றாவது படியாகக் கொள்வதில் வியப்பில்லை. உண்மையில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இச்சொல்லாற் சுட்டப்படும் ஈமங்களில் கிடைப்பவை இரும்புக் கருவிகள். இரும்பை உருக்கி, அடித்து, வாளும் அரிவாளும் செய்த மக்களைக் கற்காலத்தவராக்கிவிடும் விபரீதம் ஒரு சந்தியினால் நேர்ந்துவிடுகின்றது.

ஐயம் தீர்க்க ஆங்கில அகராதியை நாடுவோனுக்கும் உதவி கிட்டுவதில்லை. கிரேக்க மொழியின் ‘பெரிய’, ‘கல்’ என்னும் இரு சொற்களிலிருந்து பிறந்தது இவ்வடைமொழி என்று அகராதி கூறும். எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்சைக் காட்டும். அங்குள்ள பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. அவற்றை நிறுத்தியோர் இரும்பை அறியாதவர். மறுபுறம், வடகிழக்கு இந்தியாவின் காசி மலைவாழ் மக்கள் அண்மை நூற்றாண்டுகள் வரையும் முன்னோர் நினைவாக நெடுங்கற்களை நாட்டி வந்தனர். இங்கிலாந்தில் இரும்புக்கு முற்பட்டதாகவும், தென்னிந்தியாவில் இரும்போடு இணைந்ததாகவும், காசி மலைகளில் அண்மைக்கால வழக்காகவும் உள்ள ஒன்றனை எவ்வாறு ஒரு ‘காலம்’ என்பது? அகராதி சொல்லின் பிறப்பைத்தான் கூறமுடியும். ஒரு குறித்த நாட்டில், ஒரு குறித்த ஆசிரியர் கையில் அச்சொல் என்ன வேலையைச் செய்கின்றது என்பதை வாக்கியமே கூறவேண்டும்.

இத்துறையின் தொடக்கமே ஒரு சொல் மயக்கத்துடன் அமைந்தமை சுவையானது. ஜே. பாபிங்டன் மலபாரின் ஈமக்குழிகள் பற்றி எழுதிய கட்டுரை 1823 இல் பம்பாய் இலக்கியக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் தலைப்பில் ‘பாண்டூ கூலீஸ்’ என்னும் தொடர் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் பார்ப்பவர், பாண்டு என்பானிடம் கூலிக்கு உழைத்தோரைப் பற்றிய கட்டுரை போலும் என்று எண்ணக்கூடும். அங்குள்ள ‘கூலி’ நமது ‘குழி’யே; பாண்டவர் பெயரால் மக்கள் வழங்கிய குழிகளைப் பாபிங்டன் தம் காதிற் பட்டவாறு எழுதினார். எனினும் அவர் செய்த ஒரு நன்மையை மறத்தலாகாது. அம்மண்ணில் வழங்கிய பெயரையே அவர் கையாண்டார். பாண்டவர் குழி, குள்ளர் வீடு, குடைக்கல், முதுமக்கள் தாழி என மக்கள் நாவில் வழங்கிய பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவத்தைக் கண்முன் நிறுத்துவன. பின்னர் வந்த ஒற்றை அடைமொழி இவ்வுருவங்கள் அனைத்தையும் விழுங்கிற்று.

விழுங்கிய வரலாறு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஜேம்ஸ் பேர்கசன் 1872 இல் உலக நாடுகள் அனைத்திலுமுள்ள செதுக்கப்படாத கற்சின்னங்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டபோது அவருடைய கருத்துக் கல்லிலேயே இருந்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876 இல் யாகோரும், 1899 முதல் 1904 வரை அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தபோது வெளிப்பட்டவை நிலத்தினுள் புதைக்கப்பெற்ற தாழிகள். அவற்றின் மேற் பெருங்கல் எதுவும் நாட்டப்பட்டிருக்கவில்லை. ஆயினும் தாழிகளோடு கிடைத்த இரும்பும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும், பிறவிடங்களிற் கல்லமைப்புகளின் கீழ்க் கிடைத்தவற்றை ஒத்திருந்தன. கலம் ஒத்தமையாற் பெயரும் ஒன்றாயிற்று. கல்லில்லாத இடமும் ‘பெருங்கல்’ இடமாயிற்று.

இரண்டாவது தாவல் மோட்டிமர் வீலருடையது. 1947 இல் மைசூரைச் சேர்ந்த பிரமகிரியில் அவர் நடத்திய அகழ்வு ஈமங்களோடு நில்லாமல் மக்கள் வாழ்ந்த மேட்டையும் அகழ்ந்தது. மண்ணடுக்குகளை மூன்று பண்பாடுகளாக வகுத்த வீலர், இடையிலுள்ளதற்கு ‘மெகலிதிக் பண்பாடு’ எனப் பெயரிட்டார். இவ்விடத்தில் வாசகன் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இறந்தோரின் குழிக்கு வழங்கிய அடைமொழி இப்போது உயிரோடிருந்தோரின் அடுக்களைக்கும் வந்துவிட்டது. சோறாக்கிய பானையும் ‘மெகலிதிக்’ பானையாயிற்று. 1949 இல் வீ. டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியச் சின்னங்களை வகைப்படுத்திக் கலைச்சொற்களைச் சீர்செய்ய முயன்றார். அன்றைய குழப்பத்திற்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வகைப்பாடு தாழிகளையும் தலைப்பின் கீழேயே வைத்துக்கொண்டது.

மூன்றாவது தாவலே மிகவும் விளைவுடையது. 1950களின் தொடக்கத்தில் பியூரர்-ஹைமண்டோர்ப், இப்பண்பாட்டைத் தென்னாட்டுக்குக் கொணர்ந்தோர் திராவிட மொழி பேசியோர் என்னும் கருதுகோளை முன்வைத்தார். கல், புதைகுழியாகி, கலமாகி, பண்பாடாகி, இறுதியில் ஓர் இனமாகிவிட்டது. இத்தனை மாற்றங்களுக்கும் அடைமொழி ஒன்றே. ஆகையால் ஒருவர் எழுதிய வாக்கியத்தில் இச்சொல் எப்படியில் நிற்கின்றது என்பதைக் காணாது மொழிபெயர்ப்பவர், ஒரு படியிற் கூறப்பட்ட சான்றை மற்றொரு படியின் முடிவுக்குத் தம்மையறியாமலே கடத்திச் செல்கின்றார்.

இதனைக் காண்பதற்குரிய வழி எளியது. அடைமொழியை விடுத்து அது தழுவும் பெயரை நோக்குதல் வேண்டும். ‘மெகலிதிக்’ என்பதன் பின் ‘சின்னம்’ என வந்தால் கல் உண்டா என்று கேட்கலாம். உண்டெனில் ‘பெருங்கற்சின்னம்’ என்பது பழுதற்ற தமிழ். ‘மட்கலம்’ என வந்தால் அங்கே கல்லுக்கு வேலையில்லை. ‘பெருங்கற்கால மட்பாண்டம்’ என்பதிலும் ‘கறுப்புச் சிவப்பு மட்கலம்’ என்பதே கையிலுள்ள பொருளைக் காட்டும். ‘காலம்’ என வெளிப்படையாக வந்தால், ஆசிரியர் எந்நூற்றாண்டு முதல் எந்நூற்றாண்டு வரை என்று வரையறுத்துள்ளாரா என்பது வினா. ‘மக்கள்’ என வந்தால் எலும்பின் சான்றா, மொழியின் சான்றா, ஊகமா என்பது வினா.

இலங்கை ஆய்வுகளிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்புத் தாழிக்காடு ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் மூன்று ஆய்வாளர் எழுத்தில் மூன்று தலைப்புகளின் கீழ் வந்தது. சி. க. சிற்றம்பலம் 1980 இல் பூனாப் பல்கலைக்கழகத்தில் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வின் தலைப்பு இலங்கையின் ‘மெகலிதிக் பண்பாடு’ பற்றியது. 1970 இல் அவ்விடத்தை அகழ்ந்த விமலா பெக்லி 1981 இல் வெளியிட்ட அறிக்கை ‘இரும்புக்கால ஈமங்கள்’ என்றே தலைப்பிட்டுக்கொண்டது. சுதர்சன் செனவிரத்ன 1984 இல் ‘மெகலிதிக் – கறுப்புச் சிவப்பு மட்கலத் தொகுதி’ என இரண்டையும் கோடிட்டு இணைத்தார். முன்னவர் வாழ்க்கை முறை முழுவதையும் தழுவ விழைந்தார். பெக்லி அகழ்ந்தது ஈமத்தை, எனவே ஈமமென்றே பெயரிட்டார். செனவிரத்ன கல்லும் கலமும் எப்போதும் ஒருங்கே வருவதில்லை என்பதைக் கோட்டினாலேயே ஒப்புக்கொண்டார். மூவரும் வெவ்வேறு பெயர்களைத் தேர்ந்தமைக்கு வெவ்வேறு காரணம் உண்டு. தமிழிற் சுருக்கிக் கூறும் கையேடுகளில் மூன்றும் ‘பொம்பரிப்பிற் பெருங்கற்கால மக்கள் வாழ்ந்தனர்’ என்னும் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. பெக்லியின் எச்சரிக்கை அவ்வாக்கியத்தில் எங்கே போயிற்று?

1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஆனைக்கோட்டையின் நிலையும் இதுவே. அங்கு மணலில் நீட்டிக் கிடத்தப்பட்ட எலும்புக்கூடுகளும் கலங்களும், குறியீடுகளையும் பிராமி எழுத்துகளையும் ஒருங்கே தாங்கிய முத்திரையொன்றும் கிடைத்தன. பெருங்கல் அங்கும் இல்லை. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இபன்கட்டுவவிலோ கற்பலகைகளாற் பெட்டிபோல் அமைக்கப்பெற்ற பதுக்கைகள் உள்ளன. ஒரே அடைமொழியின் கீழ்க் கற்பதுக்கையும் தாழியும் மணற்குழியும் அடங்குகின்றன. ஆகவே ‘கதிரவெளி ஒரு மெகலிதிக் தலம்’ என்னும் வாக்கியத்தை மட்டும் படித்தவர்க்கு, அங்கு இருந்தது பதுக்கையா, தாழியா, வேறொன்றா என்பது விளங்காது. ‘பெருங்கற்காலத் தலம்’ என்று படித்தவரின் நிலை இன்னும் மோசமானது. அவர் விளங்கிக்கொண்டதாகவே எண்ணிக்கொள்வார்.

ஈம முறை வேறு, காலம் வேறு என்பதற்குத் தமிழ் இலக்கியமே தக்க சான்று தருகின்றது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை வருணிக்குமிடத்து ஐவகை அடக்கங்களைக் கூறுகின்றது. எரிப்போர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழிதோண்டிப் புதைப்போர், பள்ளத்தில் வைத்து அடைப்போர், தாழியாற் கவிப்போர் ஆகிய ஐவரும் ஒரே நகரத்தின் ஒரே சுடுகாட்டில், ஒரே நாளிலே கூடச் சந்தித்திருக்கக் கூடியவர்கள். அவர்களுள் தாழியாற் கவித்தவனை ஒரு காலத்தவன் எனவும், எரித்தவனை வேறொரு காலத்தவன் எனவும் பிரிப்பது நகைப்பிற்குரியது. புறநானூற்றின் 228 ஆம் பாட்டில் சோழன் கிள்ளிவளவனைக் கவிப்பதற்குரிய பெருந்தாழியை வனைய முடியுமோ எனக் குயவனை நோக்கிக் கேட்கின்றார் ஐயூர் முடவனார். 256 ஆம் பாட்டிலே, கணவனை இழந்த பெண்ணொருத்தி தனக்கும் இடமுண்டாகுமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். இரண்டிலும் கவிஞர் விளிப்பது கல்தச்சனை அன்று, குயவனை. அவற்றைப் ‘பெருங்கற்காலப் பாடல்கள்’ என்று எவரும் கூறுவதில்லை. கூறினால் அச்சொல்லின் பொருத்தமின்மை உடனே புலப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் வழங்கும் ‘பெருங்கற்படை’ என்னும் ஆக்கத்தையும் இங்கு நோக்கலாம். படை என்பது சேனையன்று. தொல்காப்பியம் நடுகல் பற்றிக் கூறும் துறைகளுள் ‘பெரும்படை’ என ஒன்று உண்டு. அம்மரபை நினைவூட்டும் வகையில் இவ்வாக்கம் அமைந்துள்ளது. காலத்தைக் கட்டாயப்படுத்தாத அளவில் இது ‘பெருங்கற்காலம்’ என்பதிலும் மேலானது. துரதிர்ஷ்டவசமாகப் பாடநூலோர் இதற்கும் ‘காலம்’ என்னும் வாலை ஒட்டிப் ‘பெருங்கற்படைக்காலம்’ ஆக்கினர்.

இவ்வளவும் வெறும் சொல்லாராய்ச்சி எனச் சிலர் கருதக்கூடும். இலங்கையில் அவ்வாறு கருதுதற்கில்லை. இந்நாட்டில் தொல்லியற் சொல் ஒவ்வொன்றும் காணி உறுதிபோல வாசிக்கப்படுகின்றது. ‘மெகலிதிக்’ என்றால் திராவிடர், திராவிடர் என்றால் தமிழர், ஆகவே மெகலிதிக் எனப்பட்ட ஊரெல்லாம் ஆதியிலிருந்தே தமிழரது என்பது ஒரு சாராரின் வாதம். அச்சொல்லாற் சுட்டப்படுவது அங்குமிங்குமான சில புதைகுழிகளே, நாகரிகம் வேறொருவரால் வேறிடத்தில் தொடங்கிற்று என்பது மறுசாராரின் வாதம். இரு வாதங்களும் சொல்லை ஒரே வகையிற் பிழையாக வாசிப்பதிற் பிறப்பவை. முதல் வாதம் கலத்தை இனமாக்குகின்றது. இரண்டாவது வாதம் பண்பாட்டைக் குழிக்குள் அடக்குகின்றது. அநுராதபுரத்தின் உள்நகரில் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வுகள், கி.மு. 900 அளவிலேயே இரும்பும் கறுப்புச் சிவப்பு மட்கலமும் அங்கு வழங்கியதைக் காட்டின. அவர் அதனை ‘ஆதி இரும்புக்காலம்’ என்றே குறித்தார். புதைகுழியில் உள்ள கலமும் தலைநகரின் அடித்தளத்திலுள்ள கலமும் ஒரு குடும்பத்தவை என்றால், தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் பின்னர் தோன்றி வளர்ந்த நிலம் ஒன்றே என்பது பெறப்படும். கா. இந்திரபாலா 2005 இல் ஆங்கிலத்திலும் மறு ஆண்டில் தமிழிலும் வெளியிட்ட நூலில், இனக்குழுக்கள் இம்மண்ணிலேயே காலப்போக்கில் உருப்பெற்றவை என வாதித்தமைக்கு இத்தகைய சான்றுகளே துணைநின்றன. அவ்வாதத்தைப் ‘பெருங்கற்கால மக்கள்’ என்னும் தொடரைக் கொண்டு எழுத முனைவோர் முதல் வரியிலேயே இடறுவர். ஏனெனில் அத்தொடர் ஓர் இனத்தை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிட்டது.

வாகரைப் பிரதேசத்தில் இன்றும் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. உறுதி வாசிக்கும் இரு சாராரின் கணக்கிலும் அவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை.

‘இரும்புக்காலம்’ என மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பேதைமை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட அறிக்கை, ஆதிச்சநல்லூருக்கு அண்மையிலுள்ள சிவகளைத் தாழிகளோடு தொடர்புடைய காலக்கணிப்புகள் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறி, இரும்பின் தொன்மையை அந்த அளவிற்குப் பின்னோக்கி நகர்த்தியது. அதனைப் பற்றிய விவாதம் அறிஞரிடையே ஓய்ந்துவிடவில்லை. அக்கணிப்பு நிலைபெறுமாயின், சிவகளைத் தாழியும் அநுராதபுரத்து இரும்பும் ஒரே ‘காலத்தின்’ கீழ் இரண்டாயிரத்து நானூறு ஆண்டு இடைவெளியோடு நிற்கும். அத்துணை அகன்ற பெயரால் விளையும் பயன் சிறிதே. காலத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் நூற்றாண்டைக் குறிப்பதே நேர்மை.

ஆதலின் கதிரவெளி பற்றிய அப்பட்டியலைத் தமிழாக்க முனைவோர் முதலிற் செய்யத்தக்கது ‘காலம்’ என்பதனை நீக்குதல். பட்டியலில் உள்ளவை ஊர்கள். அவற்றை ஒன்றிணைப்பது அடக்க வழக்கமும் அதனோடு சேர்ந்த கலங்களும் இரும்புமே. ‘தொல் ஈமத்தலங்கள்’ என்று தலைப்பிட்டு, ஒவ்வோர் ஊரின் எதிரிலும் பதுக்கை, தாழி, குழி என அகழ்வறிக்கை கூறும் வகையை எழுதினால், வகை எழுதப்படாது வெறுமையாய் நிற்கும் ஊரைக் கண்ட மாத்திரத்தில் அங்கு இன்னும் செய்யவேண்டிய வேலை உள்ளதென்பது மாணவனுக்குத் தெரியவரும்.